ஒன்பது வாஷர்கள்

நடந்தவற்றை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வண்ணார்பேட்டையில் ஒரு மோட்டார்க் கம்பெனி இருந்தது. அது ஒரு பழைய லாரியை வாங்கியது.
2. சில வாரங்களில் லாரியின் கியர்ப் பெட்டியிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது.
3. வாஷர் மாற்றப்பட்டது. ஒழுகியது.
4. மேலே மூன்றாவதாகச் சொன்னது இன்னும் எட்டு முறை நடந்தது.
5. இடையில், எண்ணெய் ஊற்றும் வாய்க்குப் புதிய மூடி ஒன்று செய்யப்பட்டது. ஒழுக்கு அதிகமானது.
6. வெள்ளிக்கிழமைதோறும் லாரிக்குப் பூசை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் லாரிக்காக ஜெபம் நடந்தது. திங்கட்கிழமை ஒழுகியது.
7. எண்ணெயை டிரைவர்தான் எடுக்கிறார் என்று முடிவு செய்யப்பட்டது.
8. நான் லாரியில் ஏறிப் போனேன்.
9. ஒழுக்கு நின்றது.
10. நான் ஓய்வு பெற்றேன். அப்போது எனக்கு வயது இருபத்தைந்து.

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியின் சித்திர வகுப்புப் பெண்கள், தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு என் வேலைக்கால அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவது வழக்கம். ஊரில் ஓய்வு பெற்ற மற்றவர்களுக்கெல்லாம் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். எனக்குப் படம் வரையும் கவராயப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆனாலும் வேலைக்குப் போய், வேலை முடிந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான் என்பதால் தகுதி எனக்கே வந்து சேர்ந்துவிட்டது.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அப்பா பள்ளி ஆசிரியர். எனக்குத் தையல் வரவில்லை, நேர்கோடு வந்தது. அரசாங்கத் தொழிற் பரீட்சையில் இயந்திரப் படம் வரைதலை எழுதினேன். பரீட்சை மண்டபத்தில் எனக்கென்று தனியாக ஒரு திரை கட்டினார்கள். திரைக்குப் பின்னால் வெளிச்சம் போதவில்லை. தேறிவிட்டேன். அதோடு படிப்பு முடிந்தது.

வேலை கிடைத்ததற்குக் காரணம் ஐரோப்பாவில் நடந்த யுத்தம். சீமையிலிருந்து வர வேண்டிய உதிரிப் பாகங்கள் வரவில்லை. லாரியில் ஒரு போல்ட் உடைந்தாலும் அதை இங்கேயே செய்துகொள்ள வேண்டும். செய்வதற்குப் படம் வேண்டும். படம் வரையத் தெரிந்த ஆண்களில் சிலர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் கம்பெனி கொடுக்கும் சம்பளத்துக்கு வர மாட்டோம் என்றார்கள். ஆகவே என்னை எடுத்தார்கள். ஷெட்டில் என் மேசைக்கு முன்னால் ஓர் ஓலைத் தட்டி வைத்தார்கள். பரீட்சை மண்டபத்துத் திரையைவிட இது மேல். ஓலை இடுக்கு வழியாக ஷெட் முழுவதும் தெரியும்.

என் வேலை எளிமையானது. உடைந்த பாகம் மேசைக்கு வரும். அதை அளந்து படம் வரைய வேண்டும். படத்தைப் பார்த்து மேலப்பாளையத்துக் காதர் அண்ணாச்சி லேத்தில் கடைந்து கொடுப்பார். பழைய பாகத்துக்கு ஒரு சீட்டுக் கட்டி, எண் போட்டு, இழுப்பறையில் வைப்பேன். இதற்கு நானே நான்கு விதிகள் எழுதி ஓலைத் தட்டியில் குத்தி வைத்திருந்தேன். முதல் விதி: கழுவாத பாகத்தை அளக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகே அளவுகோலைத் தொட வேண்டும். இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஷெட்டின் போர்மேன் வேதமாணிக்கம் ஐயா. ரயில்வேயில் இருந்து வந்தவர். சித்திரை வெயிலிலும் வெள்ளைக் கோட்டைக் கழற்ற மாட்டார். எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருவார். அவருடைய முறையை நான் மூன்று வருஷம் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட மாறியதில்லை. லாரி வந்து நிற்கும். ஐயா அதன் இடப்பக்கம் போய் நிற்பார். குனிய மாட்டார். யாராவது ஒருவர் அடியிலிருந்து ஒரு விரல் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு வந்து நீட்ட வேண்டும். அதைத் தன் ஆள்காட்டி விரலுக்கு மாற்றிக்கொள்வார். முகர்வார். கட்டைவிரலால் உருட்டிப் பார்ப்பார். ஷெட்டின் கூரையைப் பார்த்துச் சற்று நேரம் நிற்பார். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டு, "வாஷர்" என்பார். பிறகு பெரிய நோட்டில் எழுதுவார். வெற்றி பெற்ற வேலையை "செய்தோம்" என்று எழுதுவார். தோற்ற வேலையை "செய்யப்பட்டது" என்று எழுதுவார். அந்த நோட்டில் வாஷர்கள் எல்லாமே மாற்றப்பட்டன.

லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கம் ரயில் கிடையாது. ஆகவே இங்கிருந்து பஞ்சுப் பொதியும் அங்கிருந்து நாஞ்சில் நாட்டு நெல்லும் அதில்தான் போய் வரும். கியர்ப் பெட்டி டிரைவரின் காலடியில், பலகைக்குக் கீழே இருக்கிறது. பலகையைத் தூக்கினால் பெட்டியின் மேல்பக்கத்தில் எண்ணெய் ஊற்றும் வாயும் அதற்கு ஒரு பித்தளை மூடியும் தெரியும். பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு தண்டு வெளியே வருகிறது. தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் வராமல் இருக்கத்தான் வாஷர். அந்தத் தண்டின் மேலேயே கால் பிரேக்கின் உருளையும் இருக்கிறது. ஆகவே வாஷர் வழியாக ஒழுகும் எண்ணெய் நேராகப் பிரேக்கின் மேல் விழும். எண்ணெய் விழுந்த பிரேக் பிடிக்காது. இதைக் கண்டுபிடித்துச் செய்தவர்கள் சீமைக்காரர்கள் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை.

டிரைவர் சீவலப்பேரிக்காரர், சுடலைமுத்து அண்ணாச்சி. இருபது வருஷம் மாட்டு வண்டி ஓட்டியவர். லாரி வந்தபோது ஓட்டப் பழகிக்கொண்டார். மாடுகளை எப்படிப் பார்த்துக்கொண்டாரோ அப்படியே லாரியையும் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் கழுவி, விளக்குகளுக்கு நடுவில் ஒரு பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் நான்கு பொட்டு, பிறகு பலகையைத் தூக்கிக் கியர்ப் பெட்டிக்கும் ஒரு பொட்டு. குழைத்த சந்தனத்தைப் பித்தளை மூடியின் நடுவிலுள்ள சிறிய குமிழில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பார்.

"மத்ததெல்லாம் உறுப்பு தாயி. இதுதான் அதுக்கு நெத்தி" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். "வண்டிக்கி உசிரு இங்கனதான் இருக்கு. கையை வச்சுப் பாரு, எப்படித் துடிக்கின்னு."

ஒழுக்கு தொடங்கியதும் முதல் வாஷர் மாட்டுத்தோலில் வந்தது. சுடலைமுத்து அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "மாட்டுத்தோல வச்சா எப்படி நிக்கும்?" என்றார். இரண்டாவது எருமைத்தோல். மூன்றாவது ஆட்டுத்தோல், இரட்டை மடிப்பு. நான்காவது கம்பளித் துணி. ஐந்தாவதைக் காதர் அண்ணாச்சி தன் யோசனையாகப் பனைநாரைத் திரித்து மெழுகில் முக்கிச் செய்தார், அதன் ஓரத்தில் கருப்பட்டியும் சுண்ணாம்பும் கலந்து பூசினார். அது இரண்டு நடை தாங்கியது. மூன்றாவது நாள் காலையில் ஷெட்டின் வாசலிலிருந்து கியர்ப் பெட்டி வரைக்கும் எறும்பு வரிசை.

"ஒழுக்க நிறுத்தச் சொன்னா எறும்புக்கு விருந்து வச்சிருக்கீரு வே" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி.

"எறும்பாவது நன்றியோட சாப்பிடுது. ஒம்ம வண்டிக்கி ஒம்போது வச்சாலும் பத்தாதுபோல" என்றார் காதர் அண்ணாச்சி. ஒன்பது என்று அவர் வாய்க்கு வந்தபடிதான் சொன்னார்.

எண்ணெய் குறையக் குறைய மூடியைத் திறந்து ஊற்ற வேண்டியிருந்தது. திறந்து திறந்து மூடியின் திருகு மரை தேய்ந்துபோயிற்று. ஆறாவது வாஷருக்கும் ஏழாவது வாஷருக்கும் இடையில் புதிய மூடி தேவைப்பட்டது. பழைய மூடி என் மேசைக்கு வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. மூடியின் குமிழ்மேல் அன்று காலை வைத்த சந்தனமும், அதற்கு அடியில் பல வாரத்துச் சந்தனமும், குங்குமமும் இருந்தன.

எங்கள் வீட்டில் சிறு வயதிலிருந்தே ஒன்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அடுத்தவர் கும்பிடுவதை நாம் கும்பிடக் கூடாது, தொடவும் கூடாது, கேலி செய்யவும் கூடாது. நான் மூடியின் மரையை மண்ணெண்ணெயில் கழுவினேன். உள்பக்கத்தைத் துடைத்தேன். விளிம்பைத் துடைத்தேன். குமிழை விட்டுவிட்டேன். சந்தனம் கலையாமல் அதன்மேல் அளவுகோலைப் பிடித்து உயரத்தை எடுத்தேன். சந்தனத்துக்காக ஓர் அளவைக் கழித்துக்கொண்டேன். படம் அழகாக வந்தது. காதர் அண்ணாச்சி அதைப் பார்த்துப் புது மூடியைக் கடைந்தார். அதுவும் அழகாக வந்தது. பழைய மூடிக்குச் சீட்டுக் கட்டிப் பதினான்காம் இழுப்பறையில் வைத்தேன்.

ஒழுக்கு அதிகமானது. அண்ணாச்சி சந்தனத்தை அதிகமாக்கினார்.

ஐயாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "ஏலே சுடல, சந்தனத்துக்கும் ஒழுக்குக்கும் என்னல சம்பந்தம்?" என்று கேட்டார். ஷெட்டில் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். அந்த மூன்று வருஷத்தில் ஷெட்டில் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கேட்டவர் உட்பட யாரும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

எட்டாவது வாஷர் இருந்தபோது ரெட்டியார்பட்டி மேட்டிலிருந்து நெல் மூட்டைகளோடு இறங்கிய லாரி நிற்கவில்லை. கால் பிரேக் வழுக்கியது. அண்ணாச்சி லாரியைச் சாலையை விட்டு உடைமரக் காட்டுக்குள் திருப்பி, முட்களின் மேல் ஏற்றி நிறுத்தினார். முகத்திலும் கையிலும் கீறல்களோடு ஷெட்டுக்கு வந்து, தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "வண்டிக்கிப் பெயிண்டு போயிட்டு" என்றார்.

அதற்குப் பிறகுதான் விஷயம் எண்ணெயிலிருந்து மனிதருக்கு மாறியது. ஐயா ஒரு சோதனை வைத்திருந்தார். புது வாஷர் போட்ட லாரியின் அடியில் வெள்ளைத் தாளை விரித்து ஒரு நாள் முழுதும் நிறுத்தி வைப்பார். தாளில் ஒரு சொட்டும் விழாது. எட்டு வாஷரும் இந்தச் சோதனையில் தேறியவை. ஆகவே அவர் முதலாளியிடம் சொன்ன தர்க்கம் குற்றமற்றது: ஷெட்டில் லாரி ஒழுகுவதில்லை, சாலையில்தான் எண்ணெய் குறைகிறது, சாலையில் லாரியோடு இருப்பது டிரைவர், ஆகவே டிரைவர்.

ஒன்பதாவது வாஷரைப் போட்டு, பித்தளை மூடியைச் சுற்றிலும் நூல் கட்டி, கம்பெனிப் பெயர் பதிந்த அரக்கு முத்திரை வைத்தார்கள். அடியிலிருந்த எண்ணெய் இறக்கும் போல்ட்டுக்கும் முத்திரை. லாரி நாகர்கோவில் போய் வந்தது. முத்திரைகள் அப்படியே இருந்தன. எண்ணெய் குறைந்திருந்தது.

"அப்ப அவரு எடுக்கலன்னு ஆச்சுல்லா ஐயா?" என்று கேட்டேன்.

"கள்ள முத்திரை போட்டிருப்பான்" என்றார் ஐயா.

"அவருக்கு எழுதவே தெரியாதே ஐயா."

"அதான் சொல்லுதேன், எவனோ எழுதத் தெரிஞ்சவனும் கூட இருக்கான்."

முதலாளி ஒரு தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை, எண்ணெய் நிரப்பிப் புது முத்திரை வைத்து, ஒரு சோதனை ஓட்டம். நாங்குநேரி போய்த் திரும்ப வேண்டும். கூடவே சாட்சிக்கு ஆள் போக வேண்டும். மறுபடியும் முத்திரை இருந்து எண்ணெய் இல்லையென்றாலும், எண்ணெய் இருந்து முத்திரை இல்லையென்றாலும், சனிக்கிழமை முதல் சுடலைமுத்துவுக்கு வேலை இல்லை. திரும்பிப் போய் ஓட்டுவதற்கு அவரிடம் வண்டியும் இல்லை, மாடும் இல்லை. லாரி பழகியபோது விற்றுவிட்டிருந்தார்.

சாட்சியாகப் போக ஐயாவுக்கு விருப்பமில்லை. சாலையில் புழுதி, கோட்டு வெள்ளை. "ஞானப்பூ, நீ எதையும் எழுதி வச்சிருவ. நீ போயிட்டு வா. துணைக்குக் காதர் வருவான். உங்க அப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடு" என்றார். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, ஊர் தாண்டும் வரைக்கும் முக்காடு போட்டுக்கொள்ளும்படி சொன்னார். காலடிப் பலகையைக் கழற்றிவிடச் சொன்னேன். டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு பொதியின்மேல் உட்கார்ந்து, குனிந்து, கியர்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே போனேன். முக்காடு அந்த வேலைக்கும் உதவியது, புழுதி கண்ணில் விழவில்லை.

நோட்டில் எழுதியது இது. புறப்படும்போது: காய்ந்திருக்கிறது. மூன்றாம் மைல்: காய்ந்திருக்கிறது. ரெட்டியார்பட்டி மேடு ஏறும்போது: பெட்டி சுடுகிறது, தண்டைச் சுற்றி ஈரம். மூன்றடைப்பு தாண்டி: எண்ணெய் வருகிறது, குமிழி விட்டுக்கொண்டு வருகிறது.

குமிழியை எழுதிவிட்டுப் பென்சிலை நிறுத்தினேன். ஒழுகும் எண்ணெயில் குமிழி எதற்கு?

காதர் அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார். "இது ஒழுகலயே, துப்புதுல்லா?" என்றார்.

நாங்குநேரியில் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். இயந்திரம் நின்ற பிறகும் தண்டின் பக்கத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ நெருக்குகிறது. மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். மூடியின்மேல் அரக்கு முத்திரை இருந்தது, முத்திரைக்கு நடுவில் அன்று காலைச் சந்தனம் இருந்தது.

"இதத் திறக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி மூடிக்கு மேலே கையை நீட்டி மறித்தார். "முத்திரைய ஒடச்சா எம் பொழப்பு போச்சு தாயி. நாலு பிள்ளைக வீட்டுல இருக்கு."

"ஒடைக்கலன்னாலும் போச்சு. எண்ணெய் கொறஞ்சிட்டு இப்பவே."

"ஒடைக்காமப் போனா நான் திருடன்னு அவரு சொல்லணும். ஒடச்சுப் போனா நானே சொன்ன மாதிரி ஆயிரும்லா?"

அவர் சொன்னது சரி. இரண்டுக்கும் முதலாளி ஒரே தண்டனை வைத்திருந்தார், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நான் நோட்டை எடுத்து, "முத்திரையை நான் உடைத்தேன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காதர் அண்ணாச்சியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவர் மறித்த கையை எடுத்தார்.

"பைய, தாயி" என்று மட்டும் சொன்னார்.

துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகினேன். இரண்டு திருகுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது திருகில் சோடாப் புட்டியின் கோலியை உள்ளே தள்ளினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. சூடான காற்று என் முகத்தில் அடித்தது. ஒரு கை எண்ணெயும் அதோடு வந்தது. பின்பக்கத்தில் நுரை நின்றது.

"யா அல்லா" என்றார் காதர் அண்ணாச்சி. "இம்புட்டு நேரம் மூச்ச அடக்கிக்கிட்டா இருந்திருக்கு?"

பள்ளியில் கண்ணாடிக் குடுவையைச் சூடாக்கி, காற்று விரிவதைக் காட்டுவார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடாகிறது, விரிகிறது, போக வழி இல்லை, வாஷரின் ஓரத்தில் புகுந்து எண்ணெயோடு வெளியே வருகிறது. ஷெட்டில் குளிர்ந்து நிற்கும்போது ஒன்றும் நடக்காது, வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருக்கும். மூடியை அரைத் திருகு தளர்த்தி வைத்துக்கொண்டு திரும்பினோம். வண்ணார்பேட்டை வரைக்கும் தண்டைச் சுற்றி ஈரம் இல்லை.

வழியெல்லாம் எனக்கு ஒரு கேள்வி. பிரேக்கின்மேல் வாஷரை வைத்த சீமைக்காரர்கள் அவ்வளவு புத்திசாலிகள் இல்லைதான், ஆனாலும் காற்றுக்கு ஒரு வழி வைக்காமலா பெட்டி செய்திருப்பார்கள்? ஷெட்டுக்கு வந்ததும் பதினான்காம் இழுப்பறையைத் திறந்தேன். பழைய மூடியின் சந்தனம் சுண்ணாம்புச் சாந்துபோல் இறுகியிருந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி ஓலைத் தட்டிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கவராயத்தின் முனையால் சுரண்டினேன். குங்குமம், சந்தனம், மறுபடி குங்குமம், மறுபடி சந்தனம். குமிழின் உச்சியில் ஒரு துளை. குண்டூசி நுழையும்.

என்னுடைய புது மூடியில் அந்தத் துளை இல்லை. நான் வரையவில்லை, காதர் அண்ணாச்சி கடையவில்லை. ஓலைத் தட்டியில் என் கையெழுத்தில் முதல் விதி தொங்கிக்கொண்டிருந்தது.

சுடலைமுத்து அண்ணாச்சி தட்டிக்கு மேலாக எட்டித் துளையைப் பார்த்தார். பிறகு, "அப்ப நாந்தானா தாயி?" என்றார்.

"பாதி நீங்க. பாதி நான். நீங்க அடச்சிய, நான் இல்லாமலே பண்ணிட்டேன்."

"நீ ஏன் தொடைக்கல? அளக்கதுக்கு முன்னால எல்லாத்தையும் கழுவுவியே."

"நீங்க சாமிக்கு வச்சதுல்லா அண்ணாச்சி. எப்படித் தொடுதது?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது கியர்ப் பெட்டி தாயி" என்றார்.

சனிக்கிழமை காலையில் முதலாளி வந்தார். ஐயா ஒரு தாளில் அண்ணாச்சியை நிறுத்தும் உத்தரவை எழுதி மடித்து வைத்திருந்தார். நான் இரண்டு மூடிகளையும் மேசைமேல் வைத்தேன். பழைய மூடியைக் கழுவியிருந்தேன். இந்த முறை முழுவதும்.

சொல்ல வேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒன்று, முத்திரையை உடைத்தது நான். இரண்டு, சீமை மூடியில் காற்றுத் துளை இருக்கிறது. மூன்று, படம் வரையும்போது துளையை நான் விட்டுவிட்டேன். நான்கு, காற்று போக வழியில்லாமல் எண்ணெய் ஒழுகுகிறது. ஐந்தாவதாகவும் ஒன்று எழுதியிருந்தேன், புது மூடிக்கு முன்பே ஆறு வாஷர்கள் ஒழுகியதற்கான காரணம். அதை வாசிக்கவில்லை. யாராவது கேட்டால் சொல்வது என்று வைத்திருந்தேன். ஐயாவின் பெரிய நோட்டில் எல்லாம் வரிசையாக இருந்தது. மூடி மாற்றப்பட்டது எப்போது, ஒழுக்கு தொடங்கியது எப்போது என்று ஒரு பக்கம் திருப்பினால் தெரிந்துவிடும். அவர் அதில் எழுதுவார், வாசிக்கும் வழக்கம் இல்லை.

முதலாளி இரண்டு மூடிகளையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இத்தனூண்டு தொளைக்கா ஒம்போது வாஷரு?" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன், எங்கயோ அளவு தப்புன்னு" என்றார் ஐயா. அவர் அப்படி எப்போதும் சொன்னதில்லை. ஆனால் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

முதலாளி சுடலைமுத்து அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் ஏதோ பெரிய வார்த்தை வரும் என்று நினைத்தோம். "என்ன நிக்க? பொதி ஏத்தியாச்சுல்லா, வண்டிய எடு" என்றார். மன்னிப்புக் கேட்பதற்கு அந்தக் கம்பெனியில் வேறு சொற்கள் இல்லை. அண்ணாச்சி வண்டியை எடுத்தார். மடித்து வைத்த தாளின் மறுபக்கத்தில் ஐயா எண்ணெய்க் கணக்கு எழுதிக்கொண்டார்.

அன்று மாலை நோட்டில் எழுதியிருந்தது: "மூடியில் துளை இடாமல் விடப்பட்டிருந்தது. துளை இட்டோம். ஒழுக்கை நிறுத்தினோம்."

துளையைக் காதர் அண்ணாச்சிதான் போட்டார். போட்டு முடித்து, மூடியை வாயருகில் வைத்து ஊதிப் பார்த்து, "இனி ஒம்ம வண்டி தாராளமா மூச்சு விடட்டும் வே. நெத்தியில கைய வச்சிராதியும்" என்று சுடலைமுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அண்ணாச்சி ஒரு குண்டூசியைத் துளைக்குள் நிறுத்திக்கொண்டு, அதைச் சுற்றி வளையமாகச் சந்தனம் வைத்து, காய்ந்த பிறகு ஊசியை எடுத்தார். அளவெடுத்தாற்போல் இருந்தது. நான் வரைந்திருந்தாலும் அப்படித்தான் வரைந்திருப்பேன்.

பிறகு யுத்தம் முடிந்தது. கொஞ்ச காலத்தில் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்து இறங்கின. அவற்றில் மூடிகளும் இருந்தன, எல்லாவற்றிலும் துளை இருந்தது. இனி வரைவதற்கு ஒன்றும் இல்லை என்று முதலாளி மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். ஐயா எனக்கு ஒரு நற்சான்று எழுதித் தந்தார். நல்ல கையெழுத்து. "ஒழுங்கும் கவனமும் உள்ளவர். ஒருமுறை ஒரு துளையை விட்டுவிட்டார்" என்று இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடும்படி கேட்கலாம் என்று அப்பா சொன்னார். கேட்கவில்லை. அந்தத் தாளில் சரிபார்த்து உறுதி செய்யக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான்.

பிரியும்போது காதர் அண்ணாச்சி, சீமை வாஷர் வந்ததும் கழற்றிய கடைசி ஒன்றையும் சேர்த்து, ஒன்பது பழைய வாஷர்களையும் ஒரு நூலில் கோத்து மாலையாகக் கொடுத்தார். அவற்றைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். ஒன்றிலும் குற்றம் இல்லை.

இப்போதைய நிலைமை: கம்பெனி நடக்கிறது. லாரி நாகர்கோவிலுக்குப் போய் வருகிறது. ஓட்டுவது சுடலைமுத்து அண்ணாச்சி. கியர்ப் பெட்டி ஒழுகுவதில்லை. போன மாதத்திலிருந்து பின் அச்சு ஒழுகுகிறது. ஐயா கூரையைப் பார்த்துவிட்டார். வாஷர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.